ஆன்சர் கீ தவறு என்று தோன்றுகிறதா? விடையிலிருந்து கேள்விக்குத் திரும்பிப் போய்ச் சோதித்து முறையிடும் வழி

நீட், ஜேஇஇ மெயின் தேர்வுகளின் தற்காலிக விடைக்குறிப்பில் பிழை இருந்தால் அதைச் சுட்டிக்காட்ட உங்களுக்குக் கிடைப்பது இரண்டு மூன்று நாள்தான். கேள்வி ஒன்றுக்கு 200 ரூபாய் கட்ட வேண்டும், அது திரும்ப வராது. 2025 நீட் தேர்வையே எடுத்துக்கொள்ளுங்கள். மே 4 அன்று தேர்வு. தற்காலிக விடைக்குறிப்பு ஜூன் 3 அன்று வந்தது, முறையிட ஜூன் 5 கடைசி நாள். ஜூன் 14 அன்று இறுதி விடைக்குறிப்பும் முடிவும் வந்துவிட்டன. ஒரு மாதம் காத்திருந்த பிள்ளைக்கு, விடைகளைச் சோதித்து ஆதாரம் திரட்டிப் பணமும் கட்டி முடிக்க இவ்வளவுதான் அவகாசம்.

என்னிடம் படிக்கும் பிள்ளைகளோடு உட்கார்ந்து இந்த வேலையைச் செய்து பார்த்தபோது தேர்வு இணையதளம் திணறியது, பணம் பாதியில் நின்றது, எந்தக் கேள்விக்கு முறையிடுவது என்று முடிவெடுக்கவே ஒரு நாள் போயிற்று. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான பிள்ளைகள் தாங்கள் கணக்கைப் போட்ட விதத்தை அப்படியே எழுதி அனுப்பிவிடுகிறார்கள். கேள்வியிலிருந்து விடைக்குப் போகும் வழி நிபுணர் குழுவுக்கும் தெரியும். அவர்கள் தந்த விடை எந்த இடத்தில் உடைகிறது என்று காட்டுவதுதான் உங்கள் வேலை. அதற்கு, அவர்கள் விடையைச் சரி என்றே வைத்துக்கொண்டு அங்கிருந்து கேள்விக்குத் திரும்பி வர வேண்டும். எந்த வரியில் முரண் வருகிறதோ அந்த வரிதான் உங்கள் ஆதாரம். முரணே வராவிட்டால் 200 ரூபாய் மிச்சம்.

1. விடைக்குறிப்பு வருவதற்கு முன்பே கையில் இருக்க வேண்டியவை

விண்ணப்ப எண், கடவுச்சொல், தேர்வு அனுமதிச் சீட்டு. கடவுச்சொல் மறந்திருந்தால் இப்போதே மாற்றிக்கொள்ளுங்கள். அதை மீட்கும் ஓடிபி விண்ணப்பத்தில் கொடுத்த எண்ணுக்கே வரும். பல வீடுகளில் அது அப்பாவின் எண்ணாகவோ, விண்ணப்பம் போட்டுக் கொடுத்த பிரவுசிங் சென்டர்காரர் எண்ணாகவோ இருக்கிறது. கடைசி நாள் இரவில் அவரைத் தேடி அலைய முடியாது.

நீட் எழுதியவர்கள் வினாத்தாள் புத்தகத்தைப் பத்திரப்படுத்துங்கள். அதன் குறியீட்டை (புக்லெட் கோட்) வைத்துத்தான் உங்கள் கேள்வி எண்ணும் விடைக்குறிப்பும் பொருந்தும். ஜேஇஇ மெயினில் வினாத்தாள் கிடையாது. நீங்கள் பதிவுசெய்த விடைகளோடு சேர்ந்த பிடிஎஃப் தளத்தில் வரும், அதை இறக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் ஒவ்வொரு விடைத்தெரிவுக்கும் நீளமான அடையாள எண் இருக்கும். உங்கள் திரையில் 12-ஆவதாக வந்த கேள்வி நண்பனுக்கு 7-ஆவதாக வந்திருக்கலாம். எனவே "12-ஆம் கேள்வி தப்பாம்" என்று வாட்ஸ்ஆப்பில் வருவதை நம்பிப் பணம் கட்டாதீர்கள். அடையாள எண்ணை ஒப்பிட்ட பிறகே எதையும் செய்யுங்கள்.

யுபிஐ, டெபிட் கார்டு, நெட் பேங்கிங் ஆகியவற்றில் இரண்டையாவது தயாராக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று நின்றால் இன்னொன்று கைகொடுக்கும்.

2. முதலில் உங்கள் விடைகளைச் சரிபாருங்கள்

நீட்டில் ஓஎம்ஆர் தாளின் ஸ்கேன் நகலும் தரப்படும். நீங்கள் நிரப்பிய வட்டத்தை இயந்திரம் சரியாகப் படித்திருக்கிறதா என்று 180 கேள்விகளுக்கும் பாருங்கள். அதில் தவறு இருந்தால் அது தனி முறையீடு. அதற்கும் கேள்விக்கு 200 ரூபாய்தான். அதன் கால அவகாசத்தை அறிவிப்பில் தனியாகப் பாருங்கள்.

பிறகு விடைக்குறிப்போடு ஒத்துப்போகாத கேள்விகளை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். அவற்றில் விடை பார்த்ததுமே "ஆமாம், நான்தான் தப்பு" என்று தெரிகிறவற்றை அடித்துவிடுங்கள். மிஞ்சுபவை பொதுவாகக் கொஞ்சமே இருக்கும். அடுத்த படி அவற்றுக்கு மட்டும்.

3. விடையிலிருந்து கேள்விக்குத் திரும்பி வருதல்

நேரம் முழுவதையும் இங்கே செலவிடுங்கள். பாடத்துக்குப் பாடம் இது மாறுகிறது. கீழே உள்ள கணக்குகள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை.

*கணிதம்.* விடையைச் சமன்பாட்டில் இட்டுப் பாருங்கள். √(எக்ஸ் + 7) = எக்ஸ் − 5 என்ற சமன்பாட்டுக்கு எத்தனை மெய்த் தீர்வுகள் என்று கேள்வி, விடைக்குறிப்பு 2 என்கிறது என வைத்துக்கொள்வோம். இருபுறமும் வர்க்கப்படுத்தினால் 9, 2 என இரண்டு மதிப்புகள் வரும். திருப்பி இடுங்கள். 9-ஐ இட்டால் இருபுறமும் 4. 2-ஐ இட்டால் இடப்புறம் 3, வலப்புறம் −3. ஆகவே எக்ஸ் = 2 தீர்வே இல்லை, தீர்வு ஒன்றுதான், சரியான விடை 1. வர்க்கப்படுத்தும்போது புதிதாக நுழைந்த மூலம் இது. "எக்ஸ் = 2 எனில் 3 = −3" என்ற ஒரே வரி உங்கள் முறையீட்டுக்குப் போதும்.

தொகையீட்டில் வழி இன்னும் எளிது. விடையை வகையிடுங்கள், கேள்வியில் உள்ள சார்பு திரும்ப வர வேண்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. சைன் 2எக்ஸ்-இன் தொகையீடு சைன் வர்க்கம் எக்ஸ் என்றும் வரும், −½ காஸ் 2எக்ஸ் என்றும் வரும். பார்க்க வேறுவேறு, ஆனால் இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் ½ என்ற மாறிலிதான். விடைக்குறிப்பின் விடை உங்களுடையதைப் போல இல்லை என்பதற்காக அது தவறாகிவிடாது. இரண்டையும் வகையிட்டுப் பார்த்து, இரண்டும் விடைத்தெரிவுகளில் இருந்தால், "இரண்டும் சரி" என்று முறையிடுங்கள். இது வலுவான முறையீடு.

*இயற்பியல்.* இயக்கவியலில் படத்தைப் பின்னோக்கி ஓட்டிப் பாருங்கள். 25 மீட்டர் உயரக் கட்டடத்திலிருந்து ஒரு பந்தை வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் மேல்நோக்கி எறிகிறோம், ஈர்ப்பு முடுக்கம் 10. தரையைத் தொடும் வேகம் 30 என்கிறது விடைக்குறிப்பு. அப்படியானால் தரையிலிருந்து 30 வேகத்தில் மேலே எறிந்தால் 25 மீட்டர் உயரத்தில் அதன் வேகம் 20 ஆக இருக்க வேண்டும். 900-இலிருந்து 500-ஐக் கழித்தால் 400, வர்க்கமூலம் 20. விடைக்குறிப்பு சரி. கேள்வியை விட்டு நகருங்கள்.

உராய்வு வந்துவிட்டால் இந்தப் பின்னோட்டம் செல்லாது. பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். சாய்தளத்தில் ஒரு கட்டை 16 வேகத்தில் மேலேறுகிறது. சாய்கோணத்தின் சைன் 0.6, காஸ் 0.8, உராய்வுக் குணகம் 0.25. ஏறும்போது ஈர்ப்பும் உராய்வும் சேர்ந்து இழுக்கின்றன, எனவே எதிர்முடுக்கம் 6 + 2 = 8. 2 வினாடியில், 16 மீட்டரில் நிற்கும். இறங்கும்போது உராய்வு எதிர்ப்பக்கம் திரும்பிவிடும், முடுக்கம் 6 − 2 = 4. அதே 16 மீட்டரை இறங்க √8, அதாவது சுமார் 2.83 வினாடி ஆகும். இறங்கும் நேரமும் 2 வினாடி என்று விடைக்குறிப்பு சொன்னால் அந்த 2-ஐ வைத்துத் திரும்பி வாருங்கள். 4 என்ற முடுக்கத்தில் 2 வினாடியில் 8 மீட்டர்தான் கடக்கும், மீதி 8 மீட்டர் எங்கே போயிற்று? முறையீட்டில் எழுத வேண்டியது அந்த 8 மீட்டரைத்தான்.

பரிமாணச் சோதனையையும் விடாதீர்கள். நீளம் கேட்ட கேள்விக்கு விடையின் பரிமாணம் வேகமாக வந்தால் அதற்கு மேல் எதுவும் சொல்லத் தேவையில்லை. ஈர்ப்பு முடுக்கத்துக்குக் கேள்வியில் 10 கொடுத்திருக்க நீங்கள் 9.8 போட்டு, விடை சற்று மாறுகிறது என்று முறையிட்டால் அது நிற்காது.

*வேதியியல்.* சமநிலைக் கணக்கில் விடையாக வந்த செறிவுகளைச் சமநிலை மாறிலியின் சூத்திரத்தில் திருப்பி இடுங்கள். 0.01 மோலார் வீரியம் குறைந்த அமிலம், அதன் பிரிகை மாறிலி 0.001, பிஎச் என்ன? சுருக்குவழியில் போனால் பெருக்குத்தொகையின் வர்க்கமூலம் எடுத்து 2.50 என்று வரும். அதிலிருந்து திரும்பி வாருங்கள். ஹைட்ரஜன் அயனிச் செறிவு 0.00316. அதன் வர்க்கத்தை மீதமிருக்கும் அமிலமான 0.00684-ஆல் வகுத்தால் மாறிலி ஏறக்குறைய 0.00146 ஆகிறது. கொடுத்ததோ 0.001. அமிலத்தின் செறிவோடு ஒப்பிட மாறிலி சிறியதாக இல்லாததால் சுருக்குவழி இங்கே உடைகிறது. இருபடிச் சமன்பாட்டைத் தீர்த்தால் 0.0027, பிஎச் 2.57. இரண்டு எண்களும் விடைத்தெரிவுகளில் இருந்து, விடைக்குறிப்பு 2.50 என்றால், முறையிடுங்கள். 2.57 விடைத்தெரிவுகளிலேயே இல்லை என்றால் கேட்டவர்கள் தோராயத்தைத்தான் எதிர்பார்த்திருக்கிறார்கள். அதை விட்டுவிடலாம்.

ஆக்சிஜனேற்ற ஒடுக்கச் சமன்பாட்டில் அணுக்களை எண்ணுவதோடு நிறுத்தாமல் மின்சுமையையும் கூட்டுங்கள். அமில ஊடகத்தில் ஒரு பெர்மாங்கனேட், ஐந்து இரும்பு(2+), எட்டு ஹைட்ரஜன் அயனி: −1 + 10 + 8 = +17. மறுபுறம் மாங்கனீசு(2+) ஒன்று, இரும்பு(3+) ஐந்து: 2 + 15 = +17. இது ஒத்துவராத விடை எதுவானாலும் தவறு.

கரிம வேதியியலில் விளைபொருளிலிருந்து வினைபொருளுக்குப் போங்கள். ஓசோனேற்றத்தில் அசிட்டோனும் அசிட்டால்டிஹைடும் வந்தன என்றால், இரண்டிலும் ஆக்சிஜனை நீக்கிவிட்டு அந்தக் கார்பன்களை இரட்டைப் பிணைப்பால் இணையுங்கள். 2-மெத்தில்பியூட்-2-ஈன் கிடைக்கும். விடைக்குறிப்பு வேறு ஆல்கீனைச் சொன்னால் அந்த ஆல்கீனை நீங்களே உடைத்துப் பார்த்து, என்ன வருகிறது என்று எழுதுங்கள்.

*செல் உயிரியல்.* இங்கே கணக்கும் உண்டு, பாடநூல் வரியும் உண்டு. கணக்கு உள்ள இடத்தில் செல் பிரிதலைப் பின்னோக்கி நடத்துங்கள். ஒரு கேமீட்டில் 5 பிக்கோகிராம் டிஎன்ஏ இருக்கிறது, குன்றல் பிரிவுக்குப் போகும் செல்லில் ஜி2 நிலையில் (எஸ் நிலையில் டிஎன்ஏ இரட்டித்த பிறகு, பிரிவுக்குச் சற்று முன்) எவ்வளவு இருந்திருக்கும்? விடைக்குறிப்பு 10 என்றால், 10 முதல் பிரிவில் 5 ஆகும், இரண்டாம் பிரிவில் 2.5 ஆகும். கேமீட்டில் 5 இருப்பதாகக் கேள்வியே சொல்கிறது. ஆகவே 20தான் விடை. ஆனால் எஸ் நிலையில் டிஎன்ஏ இரட்டிக்குமே தவிர குரோமோசோம் எண்ணிக்கை இரட்டிக்காது. கேள்வி கேட்டது எதை என்று இன்னொரு முறை படியுங்கள். நான் பார்த்த வரையில் இந்தப் பாடத்தில் வீணான முறையீடுகள் பலவும் இந்த ஒரு குழப்பத்திலிருந்தே வருகின்றன.

டிஎன்ஏ வரிசையில் திசை முக்கியம். தூது ஆர்என்ஏ 5′ முனையிலிருந்து ஏ-யு-ஜி என்றால், வார்ப்பு இழை 3′ முனையிலிருந்து படித்தால் டி-ஏ-சி, 5′ முனையிலிருந்து படித்தால் சி-ஏ-டி. இரண்டும் ஒன்றே. முனைக் குறி இல்லாமல் விடைத்தெரிவுகளில் இரண்டுமே இருந்தால் கேள்வியிலேயே குறை என்று வாதிடலாம்.

பாடநூல் வரியை நம்பும் கேள்விகளுக்கு என்சிஇஆர்டி பாடநூலின் நடப்புப் பதிப்பைக் காட்டுங்கள். 2024 நீட் தேர்வில் அணுக்களைப் பற்றிய இரு கூற்று இயற்பியல் கேள்வி ஒன்று உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒவ்வொரு தனிமத்தின் அணுக்களும் நிலையானவை என்று இரண்டாம் கூற்று சொன்னது. பழைய என்சிஇஆர்டி பதிப்பு காரணமாக, தேர்வை நடத்தும் தேசியத் தேர்வு முகமை (என்டிஏ) இரண்டு விடைகளை ஏற்றிருந்தது. நீதிமன்றம் கேட்டுக்கொண்டபடி டெல்லி ஐஐடியின் மூவர் குழு ஆராய்ந்து, இரண்டாம் கூற்று தவறு என்ற ஒரே விடைதான் சரி என்றது. கதிரியக்கத் தனிமங்களின் அணுக்கள் நிலையானவை இல்லையே. திருத்திய முடிவில் 720-க்கு 720 பெற்றவர்கள் 61 பேரிலிருந்து 17 பேராகக் குறைந்தார்கள். பழைய புத்தகத்தின் வரி கடைசிவரை காப்பாற்றும் என்று நம்பி உட்காராதீர்கள்.

தமிழில் நீட் எழுதுபவர்களுக்குத் தனியாக ஒன்று. வினாத்தாளில் தமிழும் ஆங்கிலமும் இரண்டும் இருக்கும். மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்பது விதி. 2018-இல் தமிழ் வினாத்தாளின் 49 கேள்விகளில் பிழை என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 196 கருணை மதிப்பெண் தரச் சொன்னது. அதே ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்துசெய்தது. எனக்கு இதில் மனத்தாங்கல் உண்டு. தாய்மொழியில் எழுதும் பிள்ளை ஆங்கில வரியையும் சரிபார்த்துக்கொண்டே எழுத வேண்டியிருப்பது நியாயமே இல்லை. ஆனாலும் முறையிடும்போது ஆங்கில வடிவத்தை வைத்தே விடையைச் சோதியுங்கள். தமிழ்ப் பிழையை மட்டும் நம்பி அனுப்பினால் நிற்பது கடினம்.

4. பணம் கட்டலாமா?

நீட்டில் சரியான விடைக்கு 4, தவறுக்கு −1. உங்கள் விடை ஏற்கப்பட்டால் 5 மதிப்பெண் ஏறும். ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் சரி என்று முடிவானால் அவற்றில் ஒன்றைக் குறித்த எல்லோருக்கும் 4. கேள்வியே நீக்கப்பட்டால், தொடாமல் விட்டவர்கள் உட்படத் தேர்வு எழுதிய எல்லோருக்கும் 4.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எல்லோருக்கும் 4 கிடைத்தால் உங்கள் மதிப்பெண் ஏறும், தரவரிசை அந்த அளவுக்கு ஏறாது. ஜேஇஇ மெயினில் பர்சென்டைல்தான் கணக்கு, அங்கேயும் இதே கதை. எனவே கையில் 600 ரூபாய்தான் இருக்கிறது, ஐந்து கேள்விகளில் ஐயம் என்றால், உங்கள் விடை சரி என்று நிறுவக்கூடியவற்றை முதலில் எடுங்கள். கேள்வியை நீக்கச் சொல்பவை அதற்கு அடுத்து.

ஒருவர் முறையிட்டு ஏற்கப்பட்டாலும் திருத்தம் எல்லோருக்கும் பொருந்தும். எனவே நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து கேள்விகளைப் பங்கிட்டுக்கொள்ளலாம், ஆளுக்கு ஒன்றிரண்டு. யார் எதற்குக் கட்டினார்கள் என்று ரசீதைப் பகிர்ந்துகொள்ளுங்கள். "அவன் போட்டிருப்பான்" என்று எல்லோரும் இருந்துவிட்டால் யாருமே போட்டிருக்க மாட்டார்கள்.

5. ஆதாரப் பக்கம்

கேள்விக்கு ஒரு பக்கம் போதும். மேலே கேள்வியின் அடையாள எண், விடைக்குறிப்பு சொல்லும் விடை, நீங்கள் கோரும் விடை. அடுத்து, விடைக்குறிப்பைச் சரி என்று கொண்டால் எந்த வரியில் முரண் வருகிறது என்பது. பிறகுதான் உங்கள் நேர்வழித் தீர்வு, நாலைந்து வரிகளில். கடைசியில் என்சிஇஆர்டி பக்கத்தின் படம், வகுப்பு, பாடம், பதிப்பு ஆண்டோடு. சுருக்கமான ஆங்கிலத்தில் எழுதுவது பாதுகாப்பு. ஆங்கிலம் வராது என்று தயங்க வேண்டாம், சமன்பாடுகளே முக்கால்வாசி பேசிவிடும். பயிற்சி மையங்களின் விடைத்தாளை இணைப்பதில் பயன் இல்லை, அவர்களுக்குள்ளேயே விடை மாறும்.

எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப்-ஆகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜேஇஇ மெயினில் ஆதாரங்களை அப்படித்தான் ஏற்றச் சொல்கிறார்கள். படம் தெளிவாக இருக்கட்டும், கோப்பின் அளவு சிறியதாக இருக்கட்டும்.

6. தளத்தில் பதிவுசெய்தல்

உள்ளே நுழைந்து விடைக்குறிப்பை எதிர்க்கும் இணைப்பைத் தேர்ந்தெடுங்கள். கேள்விகளின் அடையாள எண்ணும் அதற்கு எதிரே விடைக்குறிப்பின் விடையும் வரிசையாக வரும். நீங்கள் சரி என்று கோரும் தெரிவைக் குறியுங்கள், ஒன்றுக்கு மேலும் குறிக்கலாம். சேமித்தால் நீங்கள் குறித்தவை ஒரே திரையில் வரும். அங்கே நிதானமாக எண்களை ஒப்பிடுங்கள். இறுதியாகச் சமர்ப்பித்த பிறகு மாற்ற முடியாது.

பணம் வந்து சேராத முறையீடு கணக்கிலேயே எடுக்கப்படாது. வங்கியில் பணம் போய், தளத்தில் "நிலுவை" என்று காட்டினால் உடனே இன்னொரு முறை கட்டிவிடாதீர்கள். வெளியேறி, சற்று நேரம் கழித்து மீண்டும் நுழைந்து நிலையைப் பாருங்கள். இதற்கெல்லாம் நேரம் வேண்டும் என்பதால்தான் கடைசி நாள் இரவுவரை தள்ளாதீர்கள் என்கிறேன். முதல் நாள் சோதனை, இரண்டாம் நாள் காலை ஆதாரப் பக்கம், மதியத்துக்குள் பணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரசீதைப் பதிவிறக்கி, பரிவர்த்தனை எண்ணோடு சேமியுங்கள்.

மின்னஞ்சலிலோ தபாலிலோ அனுப்பும் முறையீட்டை ஏற்க மாட்டார்கள்.

7. அதற்குப் பிறகு

உங்கள் முறையீடு ஏற்கப்பட்டதா இல்லையா என்று தனியாகக் கடிதம் வராது. இறுதி விடைக்குறிப்பு வெளியாகும்போது அந்தக் கேள்வி எண்ணைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். இறுதி விடைக்குறிப்பை எதிர்த்து மறுபடி முறையிட வழி இல்லை. மதிப்பெண்ணை இரண்டு விதமாகக் கணக்கிட்டு வையுங்கள்: தற்காலிக விடைக்குறிப்பின்படி ஒன்று, முறையீடுகள் எல்லாம் ஏற்கப்பட்டால் ஒன்று. நீங்கள் சரியாக எழுதியதாக நினைக்கும் கேள்வியையும் வேறு யாராவது எதிர்த்து வென்றிருக்கலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கலந்தாய்வுக்கான கல்லூரிப் பட்டியலைக் குறைந்த மதிப்பெண்ணை வைத்துத் தயாரிப்பது நல்லது.

மற்ற தேர்வுகளில் விதிகள் மாறும். ஐஐடிகள் நடத்தும் ஜேஇஇ அட்வான்ஸ்டில் தற்காலிக விடைக்குறிப்பு பற்றிக் கருத்துச் சொல்லக் கட்டணம் இல்லை, எனவே ஐயமுள்ள எல்லாக் கேள்விக்கும் எழுதலாம். எம்.எஸ்சி. முடித்து சிஎஸ்ஐஆர் நெட் எழுதுபவர்களுக்கு என்டிஏ-வின் அதே 200 ரூபாய் முறை. பொறியியல் முதுகலைப் படிப்புக்கான கேட் (GATE) தேர்வில் கேள்விக்கு 500 ரூபாய். எதுவானாலும் பணம் கட்டும் முன் அந்த ஆண்டின் அறிவிப்பில் கட்டணத்தையும் கடைசி நேரத்தையும் ஒரு முறை படித்துவிடுங்கள். இரவு 11 மணிக்கு மூடினார்களா, 11.50-க்கா என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது.